பலகைமேல் உன் நடை

இன்று காலை தயிர்சாதம் பிசையும்போது விரலிலிருந்து அந்த வாடை வந்தது. பெயிண்ட் ரிமூவரின் வாடை. மண்ணெண்ணெயும் அழுகிய பழமும் கலந்ததுபோல் இருக்கும். உனக்குத் தெரியாது, நீ அதை ஒருநாளும் வாங்கியதில்லை. வேலை முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எலுமிச்சை தேய்த்தேன், சீயக்காய் போட்டேன். நகக்கண்ணை விட்டு அது போகவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பலகைத் தரையின் பழைய பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டேன். நீ இருந்தவரை என்னைத் தொடவிடாத வேலை.

அந்தப் பலகைகள் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். மண்ணூர்பேட்டையில் நாம் வேலை பார்த்த பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய இயந்திரம் வந்தது. அது வந்த மரப்பெட்டியை உடைத்து விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்று மேலாளர் சொன்னார். நீ விடவில்லை. அன்று சாயங்காலமே ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துப் பலகைகளை ஏற்றினோம். நீ முன்னால் டிரைவரோடு வழி பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாய். நான் பின்னால் பலகைகள் மேல் உட்கார்ந்து, வானகரம் புழுதியெல்லாம் தின்றுகொண்டு, ஐயப்பன்தாங்கல் வந்து சேர்ந்தேன். உன் வீட்டு மாடி அறைக்கு வெளியே வெறும் சிமெண்டுத் தரை. சித்திரையில் கால் வைத்தால் கொப்பளித்துவிடும். பட்டறையில் இரும்புத் துண்டு விழுந்து உன் வலது காலில் விரல்கள் போன பிறகு உனக்கு அந்தச் சூடு தாங்கவில்லை. அதற்காகத்தான் பலகை.

அந்த அடிக்குப் பிறகு உன் நடையும் மாறிப்போயிருந்தது. இடது கால் 'தட்' என்று விழும். வலது கால் சற்றுத் தயங்கி, இழுத்துக்கொண்டு, மெதுவாக வந்து சேரும். சாயங்காலமானால் சுவரோரத்திலிருந்து கதவுவரை, கதவிலிருந்து சுவரோரம்வரை, போனைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பாய். கீழே கூடத்தில் உட்கார்ந்திருக்கிற எவருக்கும் நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்பதுகூடத் தெரியும்.

பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு டப்பா ஸ்டெயின் வாங்கிவந்து பலகைக்கு அடிப்பாய். கடையில் எந்த நிறம் இருக்கிறதோ அந்த நிறம். பழசைச் சுரண்டி எடுத்துவிட்டு அடி, இல்லையென்றால் தோல் தோலாக உரியும் என்று வருடா வருடம் நான் சொல்வேன். "அது பாட்டுக்கு உள்ள கெடக்கட்டும் மச்சான், உன்ன இன்னா பண்ணுது?" என்பாய். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த நான் உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். நீதான் பழகிய முதல் வாரத்திலேயே என்னை மச்சான் ஆக்கிக்கொண்டாய்.

போன வருடம் ஐப்பசி மழையில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் உன் தேவகி எனக்குப் போன் செய்தாள். ஆட்டோவில் உன் தலை என் தோளில் இருந்தது. மழையில் வண்டிகள் நகரவில்லை. சாலையோரத் தகரத் தடுப்புகள்மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. நீ என்னவோ சொன்னாய். குனிந்து கேட்டேன். "இந்த வருசம் பலகைக்கு அடிக்கல மச்சான்." மகள் பவித்ராவின் கல்யாண வேலையில் அந்த வருடம் விட்டுப்போயிருந்தது. வீட்டைப் பற்றி, தேவகியைப் பற்றி, பவித்ராவைப் பற்றி ஏதாவது சொல்வாய் என்று நான் குனிந்தபடியே இருந்தேன். அதற்குமேல் நீ பேசவில்லை.

இந்த மாசியில் ஒருநாள் தேவகி என்னை வரச்சொன்னாள். பவித்ரா உண்டாகியிருக்கிறாள். பிரசவத்துக்குப் பெங்களூரிலிருந்து வரப்போகிறாள், மாடி அறையில்தான் இருப்பேன் என்கிறாள். பலகைத் தரையோ சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து கிடக்கிறது, பிடுங்கிப்போட்டுவிட்டு டைல்ஸ் பதித்துவிடலாம் என்பது மாப்பிள்ளையின் யோசனை. நல்ல யோசனைதானே என்றேன். தேவகி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்.

"சாய்ங்காலம் ஆனா அவரு மேல நடந்துகினு கீறாருணா. நீ போனதுலேருந்து கேட்டுகினுதான் கீறேன்னு யார்கிட்ட சொல்ல முடியும், சொல்லு."

உன்னை நேரில் வைத்துப் பேசுவதுபோல 'நீ போனதுலேருந்து' என்று அவள் வாய் குழறியதை நான் கவனிக்காததுபோல் இருந்தேன். நீ போனபிறகு அவள் பொழுது சாய்ந்தால் மாடிப்படி ஏறுவதில்லையாம். காய்ந்த துணிகூட மறுநாள் காலையில்தான் கீழே வரும்.

"புள்ளத்தாச்சி பொண்ணு வர ஊடு. அது காதுல உழுந்தா இன்னா ஆவும்? பலகைய பேத்துட்டா அவரு எங்க போவாருன்னும் தெரியல. எனக்கு ரெண்டும் பயமா கீதுணா."

வெயிலில் விரிந்த மரம் பொழுது சாயும்போது சுருங்கும், அப்போது சத்தம் வரும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆயுசு பூராவும் இரும்போடும் மரத்தோடும் கிடந்தவன் நான். ஆனால் அப்போதே வந்துவிட்டது. தட். ஒரு இடைவெளி. பிறகு இழுத்துக்கொண்டு, மெதுவாக, இன்னொன்று. சற்றுப் பொறுத்து மறுபடி, தட். என் வாய் உன் பெயரைச் சொல்லிவிட்டது. கூப்பிடுவதுபோல, சத்தமாகவே. தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளிடம் மரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பிடுங்க வேண்டாம், பழைய பூச்சை எடுத்துவிட்டு, இழைத்து, புதிதாகப் பூசித் தருகிறேன் என்றேன். என்ன வேண்டுமானாலும் செய், பெண் வருவதற்குள் சத்தம் நின்றால் போதும் என்றாள்.

வேலப்பன்சாவடியிலிருந்து தினமும் காலையில் வண்டியில் வந்துவிடுவேன். ரிமூவரைத் தூரிகையால் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூச்சு மெதுவாகக் கொப்பளித்து எழும்பும். சுரண்டும் பட்டித் தகட்டால் மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே தள்ளினால் கூழாகச் சுருண்டு வரும். கையுறைக்கு மேலே தெறித்த இடமெல்லாம் எரியும். நீ பூசிப் பூசி வைத்திருந்ததில் ஒரே தடவையில் எதுவும் வரவில்லை. கறுப்புக்கு நெருக்கமான உன் கடைசிப் பூச்சு போனதும் கீழே சிவப்பு இருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுத் தெருவில் எல்லோரும் சிரித்தார்கள், நீ மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதித்தாய். அதற்குக் கீழே தேன் நிறம். ஒரு மூலையில் நாலு சின்னச் சதுரங்கள் மட்டும் வெளுப்பாக இருந்தன. நாற்காலியை நகர்த்தச் சோம்பல்பட்டு அதைச் சுற்றியே அடித்திருக்கிறாய். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

கதவுக்குப் பக்கத்துப் பலகையில் உன் கட்டைவிரல் ரேகை இருந்தது. ஈரம் காய்ந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்திருப்பாய். சுழி சுழியாக, நடுவில் அந்தப் பழைய வெட்டுத் தழும்போடு, உன்னுடையதேதான். அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தேன். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டால் தேவகியின் கண்ணில் தினமும் படும். தூரிகையை நனைத்து அதன் மேலும் தடவினேன். ரேகைகள் உப்பின. ஒரு கணம் முன்னைவிடத் தெளிவாக, பெரிதாக, மேலே எழும்பி வந்தன. பிறகு ஒன்றோடொன்று கலந்து கூழாகிப்போயின. அதைத் தகட்டால் வழிக்க என்னால் முடியவில்லை. கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் வழித்தேன்.

எல்லாம் எடுத்து முடித்து, முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்ட அன்று மாடிக் குழாய் வழியாகக் காப்பி நிறத்தில் தண்ணீர் தெருச் சாக்கடைக்கு ஓடியது. எட்டிப் பார்த்தேன். தேவகி வெளிவாசலில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் மாறித் தெளிந்த தண்ணீர் வரும்வரை அவள் அசையவில்லை. அதன் பிறகு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து அதே இடத்தில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

வெயிலில் காயவிட்டுப் பார்த்தபோது மரம் வெளுத்து, கையில் வழுவழுவென்று, வந்த நாளில் இருந்ததுபோலவே இருந்தது. நனையக்கூடாது என்று பெட்டியில் அச்சடித்திருந்த குடைப் படம்கூட மங்கலாகத் தெரிந்தது. உப்புத்தாள் போடுவதற்கு முன் ஸ்க்ரூக்களைச் சரிபார்த்தேன். நீ நடக்கும் வழியில் நடுப்பலகை ஒன்று ஒரு முனையில் தளர்ந்திருந்தது. கையால் அழுத்தினேன். அடிக்கட்டையில் தட் என்று இடித்தது. விட்டதும் மெதுவாக உராய்ந்துகொண்டு எழும்பி, இன்னொரு சின்னச் சத்தம் கொடுத்தது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். பட்டப்பகலில் நீ என் உள்ளங்கைக்குக் கீழே நடந்தாய்.

இரண்டு ஸ்க்ரூக்களையும் முடுக்கினேன். தேவகியை மேலே கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டி, இதுதான் சத்தம், வேறொன்றுமில்லை, இனிமேல் வராது என்றேன். அவள் குனிந்து ஸ்க்ரூவின் தலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். நிம்மதி என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "இதுதானா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே போனாள்.

அன்று சாயங்காலம் சத்தம் வரவில்லை. மறுநாளும் இல்லை. வேலை பாக்கி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இருட்டும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தேவகி டிவியை நிறுத்திவைத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கேட்காத ஒன்றுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். நீ செத்த வீடாக அன்றுதான் அது எனக்குத் தோன்றியது.

பங்குனியில் பவித்ரா வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு பலகைமேல் வெறுங்காலோடு நடந்து பார்த்து, நன்றாக இருக்கிறது மாமா என்றாள். சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் தூரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தேவகி மோர் டம்ளரோடு படியேறி வந்தாள். அந்த நேரத்தில் அவள் மாடிக்கு வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"மாமா, அப்பா சத்தம் எங்க?" என்றாள் பவித்ரா.

நான் கையிலிருந்த தூரிகையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஒவ்வொரு தபா வரும்போதும் கேக்கும். அதக் கேட்டாத்தான் ஊட்டுக்கு வந்தா மாதிரி இருக்கும். அம்மா பயந்துக்கும்னு சொல்லல."

தேவகி டம்ளரை மகள் கையில் கொடுத்தாள். மோர் கொஞ்சம் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை. ஒருத்தி மற்றவளுக்காக மறைத்துவைத்தது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோனது. நான் விடைபெற்றுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து எண்ணெய் பூசப் போனேன். நிறம் எதுவும் வேண்டாம், மரத்தை மரமாகவே விட்டுவிடு, வெறும் எண்ணெய் போதும் என்று பவித்ரா சொல்லியிருந்தாள். ஒவ்வொரு பலகையாகத் துணியால் தேய்த்துக்கொண்டு நடுப்பலகைக்கு வந்தேன். முட்டி போட்டதும் அது இடித்தது. தட். குனிந்து பார்த்தேன். நான் முடுக்கிய இரண்டு ஸ்க்ரூவும் தளர்ந்திருந்தன. ஸ்க்ரூத் தலையில் புதுக் கீறல்கள். பக்கத்தில் மரத்தில் ஏதோ கூர்மையான ஒன்று வழுக்கிப்போன கோடு.

கீழே இறங்கிப் போனேன். தேவகி சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியின் முனை மடங்கியிருந்தது. என் கண் எங்கே போகிறது என்பதை அவள் பார்த்துவிட்டாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பலகைக்கும் எண்ணெ தடவுணா," என்றாள். "ஸ்குருவ மட்டும் தொடாத."

தடவினேன். தொடவில்லை. அன்று சாயங்காலம் நீ நடந்தாய்.

இப்போது தேவகி விளக்கேற்றிவிட்டு மாடிக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். பவித்ராவுக்கு நாள் நெருங்கிவிட்டது. வேலை முடிந்த பிறகும் நான் பொழுது சாயும் நேரத்தில் அங்கே போகிறேன். போகிற வழி என்கிறேன், காய்கறி நன்றாக இருந்தது வாங்கினேன் என்கிறேன். வேலப்பன்சாவடியிலிருந்து ஐயப்பன்தாங்கல் எனக்கு எந்த வழியிலும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. என் ஃப்ளாட்டின் தரை வழவழவென்ற டைல்ஸ். அதில் எந்தச் சத்தமும் எழாது.

எந்தப் பலகை, எந்த முனை, எத்தனை திருப்பு என்று எனக்குத் தெரியும். வெயில் இறங்கினால் ஏன் இடிக்கிறது என்று வரைந்தே காட்டுவேன். தெரிந்துகொண்டு என்ன செய்ய? முதல் 'தட்' கேட்டதும் எங்கள் பேச்சு நின்றுவிடுகிறது. உன் வலது கால் தயங்கும் அந்த இடைவெளியில் நான் மூச்சு விடுவதில்லை. அது மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்த பிறகுதான் விடுகிறேன்.