அத்தானின் பூட்டு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். உன் நலம் என்னவென்று நீயே சொன்னால்தான் நம்புவேன். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் “ம்” கொட்டுகிறாய். அதற்கு நான் சுவரோடு பேசலாம். பேனா பிடித்தால்தான் உனக்கு வாய் திறக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

பள்ளிப் பேருந்து ஓடுகிறது, நானும் ஓட்டுகிறேன். நாற்பது வாலில்லாக் குரங்குகளை ஏற்றி இறக்கி வீடு வந்தால் காது இரண்டும் கொய்ங்கென்கிறது.

உன் மருமகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். பதினேழு வயதாகிவிட்டது. போன வாரம் தன் அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். கேட்டதற்கு, “ஒரு பூட்டு போட அவருக்குச் சோம்பல். அதுக்கு நாம அனுபவிக்கிறோம். அவரை நான் தினமும் பாக்கணுமா?” என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன், முடியவில்லை. விசாரணை அறிக்கையில் அப்படித்தானே இருக்கிறது? லிஃப்டைப் பழுதுபார்க்கக் குழிக்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் அதைப் போட்டுவிடாதபடி தன் பூட்டைப் போடாதது இறந்தவரின் கவனக்குறைவாம். வீட்டில் ஒரு பல்பு மாற்றவே மெயினை அணைக்கிற மனுஷன் உன் அத்தான். என்னால் அதை இன்னும் நம்ப முடியவில்லை.

நீ அவரோடு வேலை செய்தவன். மாமா என்றால் அவளுக்கு உயிர். நீ எழுதினால் கேட்பாள். மூன்று வருடமாக லீவுக்குக்கூட வராமல் அங்கே என்ன செய்கிறாய்? ஆலயத்துக்காவது போகிறாயா?

ஜெபத்தில் உன்னை விடாத
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். துறைமுகத்தில் கிரேன்களைப் பழுதுபார்க்கிற வேலை. அறையில் மூன்று பேர். ஒருவன் குறட்டை விட்டால் ஜன்னல் அதிர்கிறது.

ஆலயத்துக்குப் போகிறேன், கடைசி வரிசைக்கு. அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து தொடங்கும்போது எழுந்து வெளியே வந்துவிடுவேன். ஏன் என்று கேட்காதே. எனக்கு ஒன்று புரியவில்லை. கடவுள் நீதியுள்ளவர் என்றால் என்னைப் போன்றவன் எங்கே போய் ஒளிவது? இரக்கமுள்ளவர் என்று அவர் என்னை விட்டுவிட்டால், அடிபட்டவனுக்கு யார் பதில் சொல்வது?

மருமகளுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

‘என்னைப் போன்றவன்’ என்றால் எப்படிப்பட்டவன்? யார் அடிபட்டவன்? மூன்று நாளாக இதையே திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். சுற்றி வளைக்காதே. எதுவானாலும் நேராக எழுது.

அக்கா


மார்ச் 2

அக்கா,

அத்தான் பூட்டுப் போட்டிருந்தார். சிவப்பு அட்டையில் தன் பெயரை எழுதி மாட்டியும் இருந்தார்.

அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்க வேண்டும். எங்கள் வேலையில் அதுதான் முதல் பாடம். ஆனால் அவர் தன் இரண்டாவது சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். “நான் தொலைச்சிடுவேன், நீ வெச்சுக்கோடா” என்றார். அன்று கட்டட மேலாளர் லிஃப்டைச் சீக்கிரம் ஓடவிடச் சொல்லிப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து சத்தம் போட்டார். அத்தானின் கருவிப் பை வெளியே இருந்தது. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். குழிக்குள் எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், அக்கா. கொடுக்கவில்லை. பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன், லிஃப்ட் இறங்கியது. அவர் கீழேதான் இருந்தார்.

அதன்பின் செய்ததுதான் பெரிய பாவம். எல்லோரும் கீழே ஓடியபோது பூட்டையும் அட்டையையும் என் பைக்குள் போட்டுக்கொண்டேன், இன்றும் அவை என்னிடம்தான் இருக்கின்றன. விசாரணையில் “பூட்டு எதையும் பாக்கலை” என்றேன். அடக்க ஆராதனையில் நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். அந்தத் தோளோடுதான் இங்கே ஓடி வந்தேன்.

இனி என்னைத் தம்பி என்று நீ அழைக்க வேண்டியதில்லை.


மார்ச் 20

உன் கடிதம் வந்தது. இப்போது என்னால் எழுத முடியாது.


ஏப்ரல் 17

தம்பி,

இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாம் தரம் எழுதுகிறேன். தம்பி என்று அழைப்பதா வேண்டாமா என்பதை நீ தீர்மானிக்காதே. அது என் உரிமை.

உன் கடிதம் வந்த மறுநாள் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். நாற்பது குரங்குகளும் என்னைச் சுற்றிக் கூடிவிட்டன. ஒரு வாண்டு வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டிற்று. உனக்குத் தண்டனை கொடும் என்றுதான் அன்று ஆண்டவரிடம் கேட்டேன். மறைக்க மாட்டேன், பெயர் சொல்லியே கேட்டேன். அதே மூச்சில் என்னை மன்னியும் என்றும் வழக்கம்போல் வாயில் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

நீ கேட்டதற்குப் பதில், போதகர் சொன்னது அல்ல, எனக்குப் புரிந்தது. இரக்கம் என்றால் நடந்ததை நடக்கவில்லை என்று மூடிவிடுவது என்று நினைத்துவிட்டாய். அப்படியென்றால் சிலுவை எதற்கு? ‘பரவாயில்லை, போ’ என்று மேலேயிருந்தே சொல்லியிருக்கலாமே. பரவாயில்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு நம் பாவம் பெரிதாக இருந்தது. நம்மை விட்டுவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. அதனால் தாமே வந்து சுமந்தார். நீதியும் அங்கேதான் இருக்கிறது, இரக்கமும் அங்கேதான். ஒன்றுக்குப் பயந்து ஓடுகிறவன் மற்றதையும் சேர்த்தே விட்டுவிட்டு ஓடுகிறான்.

ஆகவே என்னிடம் சொன்னது போதாது. அந்த விசாரணை அலுவலகத்துக்குப் போ. பூட்டை மேசைமேல் வை. என் புருஷனின் பேரை எனக்குத் திருப்பிக் கொடு. அவளுக்கு அவள் அப்பாவைத் திருப்பிக் கொடு.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்று கை வரவில்லை. ஒரு நாள் வரும். நீ போகாவிட்டாலும் வரும். ஆனால் போகாவிட்டால் அது உன்னிடம் வந்து சேராது.

அக்கா


ஜூன் 23

அக்கா,

இது சிறையிலிருந்து எழுதுவது. ஊர் திரும்பிய அன்றே பூட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். உன் வாசலுக்கு வர தைரியம் இல்லை. வாக்குமூலம் எழுதியவர், “யாராவது வற்புறுத்தினாங்களா?” என்று மூன்று தரம் கேட்டார். “எங்க அக்கா” என்று நாக்கு நுனி வரை வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீதிமன்றத்தில் எதையும் மறுக்காததால் வழக்கு சீக்கிரமே முடிந்தது. இரண்டு வருடம். திருத்திய அறிக்கை உனக்குத் தபாலில் வரும். அத்தானின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலகப் படி ஏறும்போது கடவுளிடமிருந்து விலகிப் போகிறேன் என்று நினைத்தேன். இறங்கும்போது அவர் கூடவே இறங்குவது போல இருந்தது. இங்கே எனக்குத் தூக்கம் வருகிறது, அக்கா. ஜெபிக்கவும் வருகிறது. நீ பார்க்க வர வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 4

அன்புத் தம்பிக்கு,

அறிக்கை வந்தது. அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து அப்பா படத்தை எடுத்து, தன் துப்பட்டாவாலேயே துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். அப்புறம்தான் அழுதாள். மாமா பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்லாதே, அவசரப்படுத்தவும் செய்யாதே. ஆனால் நான் உன்னைப் பார்க்க எந்தத் தேதியில் போகிறேன் என்று நேற்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

எனக்கு அந்த வார்த்தை போன மாதம் பாத்திரம் கழுவும்போது வந்தது. மன்னித்துவிட்டேன்டா. நாளைக்கு மறுபடி கோபம் வரும். வந்தால் மறுபடி மன்னிப்பேன்.

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு வருகிறேன். முகச்சவரம் செய்துகொண்டு வா. உன்னைத் தாடியோடு பார்க்க என்னால் ஆகாது.

அனுமதி வாங்க நேற்று அங்கே வந்திருந்தேன். விண்ணப்பத்தில் ‘கைதிக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். எழுத்தர் உன் வழக்கு விவரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, இதுல இறந்துபோனவர்…”

“என் வீட்டுக்காரர்.”

“அப்போ நீங்க பாக்க வந்திருக்கிறது?”

“என் தம்பியை.”

நான்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். “இன்னொரு தரம் சரியா பாத்துக்கோங்கம்மா” என்றார். பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன்
அக்கா