ஸ்டீரிங் மட்டும் கேக்காத, மச்சான்

மச்சான்,

இன்று காலை உன் மகன் ஒரு சாக்குப்பையோடு முதுநகர் வீட்டுக்கு வந்தான். பையைத் திறந்ததுமே பழைய ஆயில் வாடை. உள்ளே ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்; அது இல்லாமல் எஞ்சினுக்குப் பொறி ஏது? "மாமா, வண்டிய வித்தா இத மட்டும் கழட்டி ஒங்கள்ட்ட குடுத்துடணும்னு வாப்பா கண்ண மூடுறதுக்கு முன்னாடி சொன்னாங்க" என்றான். என்னுடையதேதான். அறுபதுகளில் என் அம்பாசடரிலிருந்து நீ கழற்றிக்கொண்டு போனது.

உன் சிவப்பு எம்.ஜி. கார் பினாங்கிலிருந்து கப்பலில் வந்து, பரங்கிப்பேட்டையில் உன் வாசலில் நின்ற அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டே பேர் உட்காரும், கூரை திறந்த வண்டி. என்னிடம் இருந்ததோ அப்பாவின் நெல் மண்டிக்கு வாங்கிய அம்பாசடர். ஒருநாள் இரண்டின் பானட்டையும் திறந்து வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே வம்சத்து எஞ்சின்! வாட்டர் பம்ப், வால்வு, ஹெட் கேஸ்கட், எது போனாலும் என் வண்டிச் சாமான் உன் வண்டியில் அப்படியே உட்கார்ந்தது. நான் பூரித்துப்போனேன், மடையன். அன்றிலிருந்து என் அம்பாசடர்தான் உனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

பதிலுக்கு நான் கேட்டது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும், வெள்ளாற்றுப் பாலம் வரை போதும். நீ சிரிப்பாய். "பக்கத்துல ஒக்காரு மச்சான், எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன். ஸ்டீரிங் மட்டும் கேக்காத."

பிறகு சிதம்பரத்தில் என் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும். உன்னுடையதை விட்டால் வேறு ஏது? அன்றைக்கென்று பார்த்து உன் டிஸ்ட்ரிபியூட்டர் காலை வாரியது. என்னுடையதைக் கழற்றி மாட்டினாய். அம்பாசடர் மண்டி வாசலில் படுத்துக்கொண்டது. என் அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் வந்தார்கள்.

தெற்கு வீதியில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்தோம். நானும் கோட்டு, நீயும் கோட்டு. ஜனங்கள் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு அதை ஓட்டியவனைப் பார்த்தார்கள். மண்டப வாசலில் பெண்ணின் பெரியப்பா மாலையோடு நின்றார். சேத்தியாத்தோப்புக்காரர், என்னை அதுவரை பார்த்திராதவர். நேராக உன் பக்கம் வந்து உன் கழுத்தில் போட்டார்.

"வாங்க மாப்ள! வண்டி ஜோரா கீது!"

நீ பதறிப்போய், "ஐயோ, மாப்ள நான் இல்லீங்க, அவுரு" என்று என்னைக் காட்டினாய். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவுரா?"

மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். மறுநாள் தாலி கட்டி முடித்ததும், என் மனைவி என்னிடம் முதன்முதலாகப் பேசியது என்ன தெரியுமா? "செவப்புக் கார ஓட்டிக்கினு வந்தாரே, அவுரு யாரு?"

அடுத்த வாரமே நான் புது டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கிக்கொண்டேன். பழையதை உன்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, என் சாமானாவது அந்த வண்டியில் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வண்டி கோயம்புத்தூரில். வாங்கியவன், பழைய கார்களைத் துடைத்து வைத்துக் கண்காட்சிக்கு ஓட்டிப் போகிற ஆளாம். போன வாரம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். இன்று மத்தியானம் போன் செய்தான். உன் மகன் என் ஆசையையும் அவனிடம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

"அந்த டிஸ்ட்ரிபியூட்டரக் குடுத்துருங்க சார். ஒரு நாள் வாங்க, நீங்களே வண்டிய ஓட்டிப் பாருங்க."

இத்தனை வருஷம் கழித்து ஒருவன் சொல்லிவிட்டான், மச்சான். எனக்கு வந்ததென்னவோ ஆத்திரம்தான். உன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உத்தரவு கொடுக்க இவன் யார்? தர முடியாது என்று போனை வைத்துவிட்டேன். அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர் அவனுக்கு எந்தப் பழைய சாமான் கடையிலும் கிடைக்கும், தெரியும். கிடைக்கட்டும். என்னுடையது கிடைக்காது.

அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வேட்டியெல்லாம் கறை. உன் மேல் பட்ட பொறாமை இன்னும் துளிகூடக் குறையவில்லை. ஆனால் நீ கொடுக்காத ஸ்டீரிங்கை வேறு எவன் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.