ஒரு இரங்கல் மனு

மார்ச் 4, செவ்வாய்

வக்கீல் மேடத்தின் கேஸ் கட்டுகளை அடுக்கினேன். வாய்தா நோட்டில் அடுத்த தேதிக்கு நேரே, பழக்கத்தில், அவர் பெயரையே எழுதிவிட்டேன். அவர் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. கைக்கு இன்னும் தெரியவில்லை.

மத்தியானம் வக்கீல் சங்கத் தலைவர் வந்தார். இருபது வருடம் மேடத்துக்கு எதிரே நின்று வாதாடியவர். சங்கத் தேர்தலில் இரண்டு தடவை அவரிடம் தோற்றவர். வாசலில் நின்றபடியே, "பதினாலாம் தேதி இரங்கல் கூட்டம்மா. மேடத்தைப் பத்தி ஒரு பக்கம் நீங்கதான் எழுதிப் படிக்கணும். அப்புறம், மாசக் கடைசிக்குள்ள ரூம் சாவியைக் கொடுத்திடுங்க. சங்கத்து ரூம், வேற ஆளுக்கு ஒதுக்கணும்" என்றார்.

இரண்டையும் ஒரே மூச்சில்! என் குமாஸ்தா வேலை போனால் போகட்டும், எனக்கும் வயதாகிவிட்டது. முப்பத்தொரு வருடமாகச் சனிக்கிழமை தோறும் இலவச ஆலோசனைக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. வருகிறவர்கள் இனி எங்கே போவார்கள்?

மார்ச் 6, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

மார்ச் 8, சனி

பழக்கதோஷம், ஒன்பது மணிக்கே கதவைத் திறந்துவிட்டேன். ஆறு பேர் வந்தார்கள். தையல் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணிடம், மேடம் இல்லையேம்மா என்றேன். "தெரியும்க்கா. ஆனா இதைச் சொல்றதுக்கு வேற எங்க போவேன்?" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லி முடிக்கும் வரை கேட்டேன். கேட்கத்தான் முடிந்தது. சட்டம் சொல்ல நான் யார்?

மார்ச் 11, செவ்வாய்

ஒரு வழியாக ஒரு பக்கம் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எதையும் மெதுவாகத்தான் படிப்பார். பாதியில் கண்ணாடியைக் கழற்றினார். "என்னடி இது, செத்துப்போனவங்க மேல கேஸ் போட்ட மாதிரி இருக்கு!"

வாங்கிப் பார்த்தேன். அட கண்றாவியே! பத்திக்குப் பத்தி நம்பர். "1. மேற்படி வக்கீல் அவர்கள் இந்தச் சங்கத்தின் முதல் பெண் தலைவராவார். 2. மேற்படியார் ஆலைத் தெருவில் விளக்குப் போடும் வரை, நகராட்சி அலுவலக வாசலில் தெருப் பெண்களோடு ஒன்பது நாள் உட்கார்ந்தார். 3. தையல் கம்பெனியில் கழிப்பறைக்குப் போக அனுமதிச் சீட்டு கேட்பதை எதிர்த்து, நாற்பத்தொரு பெண்களுக்காக வாதாடி வென்றார்." கடைசியில் "மேலே சொன்னவை யாவும் உண்மை" என்று கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன்.

முப்பத்தொரு வருடம் மனு மட்டுமே அடித்த விரல்கள். வேறு எப்படி வரும்?

மார்ச் 12, புதன்

மாற்றி எழுதிப் பார்த்தேன். "அன்னார் ஒரு சகாப்தம்" என்று வந்தது. மேடம் கேட்டால் காகிதத்தைக் கிழித்து என் தலையிலேயே போடுவார். கிழித்தேன். மனு மனுவாகவே இருக்கட்டும்.

ஆனால் நான்கு பத்தியோடு நிறுத்தியிருக்கிறேனே, ஐந்தாம் பத்தி? அதை எழுதலாமா? அவர் இருந்தால் திட்டுவாரா? திட்டமாட்டார். மறைத்தால்தான் திட்டுவார்.

மார்ச் 14, வெள்ளி

படித்துவிட்டேன். மண்டபம் நிறைய கறுப்புக் கோட்டு. "ஒன்று, மேற்படி வக்கீல் அவர்கள்" என்றதும் குபீரென்று சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. விடவில்லை, படித்தேன்.

"ஐந்து. தொழிலுக்கு வந்த புதிதில், கணவனிடம் அடிபட்ட ஒரு பெண் இவரைத் தேடி வந்தார். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, 'இப்போ வீட்டுக்குப் போம்மா, நாளைக்குப் பார்க்கலாம்' என்று அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு நாளை வரவில்லை. அந்த வாரமே மேற்படியார் தம் அறைக் கடிகாரத்தைக் கழற்றினார். மேஜையைச் சுவரோரம் தள்ளினார். சனிக்கிழமை ஆரம்பித்தார். அன்று முதல், வந்தவர்களுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் முடிக்கும் வரை பேனாவை எடுக்காமல் கேட்டார்."

கடைசி வரிக்கு வந்தேன்.

"ஆகவே, இந்த அறையைச் சனிக்கிழமைகளில் மூடாமலிருக்க உத்தரவிடும்படி சங்கத்தாரை வேண்டிக்கொள்கிறேன்." அத்தோடு இறங்கினேன். தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 22, சனி

பதில் ஒன்றும் இல்லை. ஏழு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இருக்குமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 29, சனி

சாவியைக் கவரில் போட்டு, மேலே தலைவர் பெயரை எழுதி வைத்திருந்தேன். பத்து மணிக்கு அவரே வந்தார்.

"உங்க மனுவை கமிட்டியில வச்சோம். சனிக்கிழமைக்கு ரூம் உங்களுக்குத்தான். ஆனா யார் வந்து உட்கார்றதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல. அதான் நானே வந்துட்டேன்" என்றவர், மேஜைப் பக்கமாகப் போனார்.

"அங்க இல்லீங்க சார்" என்று பெஞ்சைக் காட்டினேன். ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு, முதல் ஆளாக வந்திருந்த தையல் கம்பெனிப் பெண்ணுக்கு இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்தார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் போனது. அவர் கை தானாகத் திரும்பியது, கண் மணிக்கட்டுக்குப் போனது. நான் தொண்டையைச் செருமினேன்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். கடிகாரம் இருந்த சுவரில் இன்னமும் இருக்கும் ஆணியைப் பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லும்மா" என்றார்.

வாட்ச் என் மேஜை டிராயரில் இருக்கிறது. போகும்போது கேட்கவில்லை.