ஓடுகிறவன் மேல் எறிந்த பந்து

என்றும் என் அன்புக்குரிய அண்ணை,

நீங்கள் கண்மூடி இரண்டு ஈஸ்டர் கடந்துவிட்டது. இன்று எழுதவைத்தது பயம்தான். அன்று உங்களோடு ஓடிவந்தவர்களில் சிலர் இன்னும் நம் கோயில் பங்கில் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்று இதைப் பங்கு மடலுக்கும் கொடுக்கிறேன்.

லண்டன் எட்மண்டனில் நீங்கள் தொடங்கிய பேஸ்போல் குழுவின் கதையை உங்கள் மகள் மெரினா எழுதுகிறாள். அந்தக் காலத்துச் சின்னக் குழுக்களைப் பற்றி லீக்கில் யாரோ புத்தகம் போடுகிறார்களாம். என் ஸ்கோர் கொப்பியைக் கேட்டு வந்தாள். நூலகப் புத்தகத்தைப் பார்த்து நானே பழகி எழுதிய கொப்பி. நான்கு ஆட்டம் முழுதாக இருக்கிறது. ஐந்தாவது, மூன்றாம் இன்னிங்ஸோடு நிற்கிறது.

"ஏன் மாமி, இதோட டீம் நிண்டது?"

"மழையாக்கும், பிள்ளை."

"மழைக்கு டீமைக் கலைச்சா லண்டனில ஒரு டீமும் மிஞ்சாது, மாமி."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் எல்லாரும் மட்டையும் பந்துமாக எல்லே விளையாடி வளர்ந்தவர்கள். அதில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். அது ரென்னிஸ் பந்து. இங்கே பந்து கல்லு மாதிரி. பந்தைக் கையில் வைத்து ஓடுகிறவனைத் தொடவேண்டும், அவன் மேல் எறியக்கூடாது. நான் புத்தகத்தில் வாசித்துச் சொன்னேன். "நீ ஸ்கோரைப் பார், பந்தை நாங்கள் பாக்கிறம்" என்று பகிடி பண்ணினீர்கள். உங்களுக்கும் விதி தெரியும். ஆனால் அன்று அந்த வெள்ளைக்காரப் பொடியன் ஓடின வேகத்தில் உங்கள் கை மறந்துவிட்டது.

நீங்கள் எறிந்த பந்து அவன் காதுக்கு மேலே பட்டது. விழுந்தவன் அசையவில்லை. யாரோ அம்புலன்சுக்குப் போன் பண்ண ஓடினார்கள். "பொலிஸ் வரும், கொப்பியை எடு, திரும்பிப் பாராத" என்றீர்கள். எல்லாரும் ஓடிவந்து ஏறிய பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "அவன் எழும்பினவனோ?" நான் திரும்பிப் பார்க்கவில்லையே அண்ணை. அதற்குப் பிறகு நீங்கள் மட்டையைத் தொடவுமில்லை, நாங்கள் விளையாடிய அந்தப் பார்க் பக்கம் என்னைப் போகவிடவுமில்லை.

நேற்று மெரினா போன் எடுத்தாள். அந்த எதிர்க் குழுவில் விளையாடிய ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டாளாம். சனிக்கிழமை என் வீட்டுக்கே வருகிறாராம். "கடைசி மட்சைப் பற்றித்தான் கதைக்கவேணுமாம், மாமி."

அதோடு என்னால் மறைக்க ஏலவில்லை. சொல்லிவிட்டேன்.

"அப்பா திரும்பிப் போய்ப் பாக்கேல்லையோ?"

"குரோய்டனில அகதிக் கேஸ் முடியேல்லைப் பிள்ளை. பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம்."

"கேஸ் முடிஞ்ச பிறகு?"

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வருகிறவர் யார்? விழுந்தவரேதானா, அவரைத் தூக்கியவரா, அவரைப் புதைத்துவிட்டு வருகிற சகோதரமா? கொப்பியில் எதிர்க் குழுவுக்கு நம்பர்தான் போட்டிருக்கிறேன், பெயர் இல்லை. வருகிறவரின் பெயரை வைத்து ஒன்றும் அறியமுடியாது.

ஒவ்வொரு வருடமும் அந்த மனிதனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். உங்களுக்குச் சொன்னதில்லை. பாதர் ஒவ்வொரு முறையும் பூசைப் பெயர்ப் புத்தகத்தை விரித்து, "எந்தப் பக்கத்தில் எழுத? உயிரோடு இருக்கிறவருக்கா, இறந்தவருக்கா?" என்று கேட்பார். "கடவுளுக்குத் தெரியும், பாதர்" என்பேன்.

சனிக்கிழமை கதவை நானே திறப்பேன். அவர் கேட்பதற்கு முன்னமே, எறிந்தது என் அண்ணை, ஓடினவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்வேன். உங்களுக்காகவும் மன்னிப்புக் கேட்பேன். ஞாயிறு பூசைக்கு முன் பாதரிடம் அந்த மனிதனின் பெயரைச் சொல்வேன், அண்ணை. எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றும் சொல்வேன்.

உங்களோடு ஓடிவந்த தங்கச்சி,
திரேசா