பெயர்ப்பலகையில் இருந்தவர்

ரென், 4 மார்ச் 1903

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். எனக்கு இருபத்தொன்று ஆகாததால் கல்யாணப் பதிவுக்கு அப்பாவின் சம்மதமோ இறப்புச் சான்றோ வேண்டும் என்று நகரமன்றத்தில் கேட்டார்கள். ஐஸ்லாந்துக் கடலில் மீன்பிடிக் கப்பலோடு மூழ்கிப்போனவர் என்றேன். எழுத்தர் துறைமுக அலுவலகத்துக்கு எழுதினார். நேற்றுப் பதில் வந்தது.

"உங்கப்பா யான் கெர்வெல் அந்தக் கப்பல்ல ஏறவே இல்லையேம்மா. ஆள் பட்டியல்ல பேரைக் கோடு போட்டு அடிச்சிருக்காங்க" என்றார்.

உன் மருமகனாகப்போகும் லூசியென் என் கையைப் பிடித்துக்கொண்டான். பதினாறு வருடமாகக் கல்லறைச் சுவரில் அப்பாவின் பெயர்ப்பலகை முன்னால் மண்டியிடுகிறோமே? அவர்கள் கணக்கில்தான் பிழை, இல்லையா அம்மா?

உன் ஒதில்


போர்-மெலன், 11 மார்ச்

ஒதில் கண்ணுக்கு,

பாதிரியாரின் தங்கையிடம் சொல்லி எழுதவைக்க முடியாத கடிதம் இது. நானே எழுதுகிறேன். நீ டீச்சரம்மா என்று சிவப்பு மையால் திருத்தாதே.

பிழை இல்லை. கப்பல் புறப்பட்ட அன்று அவர் துறைமுகத்துக்குப் போகவில்லை. "இந்தக் கடலும் வேணாம், இந்த வீடும் வேணாம் பெர்ரின்" என்றார். போய்விட்டார். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது; கப்பலில் போயிருக்கிறார் என்றே ஊர் நினைத்தது. ஐந்து மாதத்தில் கப்பல் மூழ்கிய சேதி வந்தது. ஊர்ப் பெண்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அழுத பிறகு எப்படிச் சொல்வது? ஓடிப்போனவன் பெண்டாட்டியாக இருப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

இப்போது லெ ஆவ்ர் துறைமுக நகரில் கயிற்றுக்கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

அம்மா


ரென், 14 ஏப்ரல்

அம்மாவுக்கு,

ஈஸ்டர் விடுமுறையில் லெ ஆவ்ருக்குப் போனேன். கடையில் அவரே இருந்தார்; என்ன கயிறு வேண்டும் என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார்.

"நான் செத்துட்டேன்னா உங்கம்மா சொல்லியிருக்கா?"

"கல்லறைச் சுவர்ல உங்க பேர்ப்பலகையே இருக்குங்க."

சிரித்தார். பிறகு வெகுநேரம் கயிற்றின் முனையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு வேறு குடும்பம் இல்லை. வெறுக்கத் தயாராகப் போனேன். திரும்பும்போது என்ன நினைப்பது என்றே தெரியவில்லை.

இன்னொன்று. கல்யாண அறிவிப்பை இங்கே மட்டுமல்ல, பெற்றோர் ஊரிலும் ஒட்டுவார்களாம். ஞாயிறு காலை நம் ஊர் மன்றக் கதவில், "லெ ஆவ்ரில் வசிக்கும் யான் கெர்வெலின் மகள்" என்று இருக்கும். ஊரே படிக்கும். வேண்டாம் என்று ஒரு வரி எழுது, நிறுத்திவிடுகிறேன். சனிக்கிழமைவரை உன் தபாலுக்காகக் காத்திருப்பேன். உன்மேல் கோபமா இரக்கமா, எனக்கே புரியவில்லை.

ஒதில்


போர்-மெலன், 20 ஏப்ரல்

கண்ணே,

பதில் போடாமல் உன்னைத் தவிக்கவிட்டேன். எழுத உட்கார்ந்தால், "வேண்டாம்" என்று எழுதிவிடுவேனோ என்று பயம்.

நேற்றுப் பூசை முடிந்ததும் மன்றக் கதவடியில் நின்று அறிவிப்பை நானே உரக்க வாசித்தேன். அந்தக் கப்பலில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மரி-ழான்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்போ எங்களோட சேர்ந்து நீ யாருக்குடி அழுத?"

"மொத வருஷம் எனக்கு. அப்புறம் உன் புருஷனுக்குத்தான்டி."

திரும்பி நடந்து போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். இன்று ரொட்டிக்காரி சில்லறையை என் கையில் தராமல் மேசையில் வைத்தாள். இனி அப்படித்தான் போலிருக்கிறது.

கல்யாணத்துக்கு வருகிறேன். அவரையும் கூப்பிடு, உனக்கு அப்பா. அவர் பக்கத்து நாற்காலியில் உட்காருவேனா, வாசலிலேயே திரும்பிவிடுவேனா, எனக்குத் தெரியாது. நாற்காலியை மட்டும் போட்டு வை.

உன் அம்மா,
பெர்ரின்