பற்றவைத்த காப்பு

மார்ச் 10, திங்கள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மாணவர் நகைப் போட்டி முடிந்ததும் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். ஓர் இணைப்பை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் பரிசு கொடுக்கிறார் நடுவர் குழுத் தலைவர், பேராசிரியர் செனோன். கலைக்கூடத்துப் பட்டறைக்காரனான நான் அந்த நகைகளைப் பொட்டலம் பிரித்து, துடைத்து, மேசையில் வைக்கிறேன்.

செனோன் என் வகுப்புத் தோழன். முப்பது வருடத்துக்கு முன் கடைசித் தேர்வில், எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னான்: "லெஷெக்குக்குக் கை இருக்கு. தலைதான் இல்ல."

மார்ச் 11

இன்று அறுபது பொட்டலங்கள். பெயர் கிடையாது, புனைபெயர் மட்டும். 'பீட்ரூட்' என்று ஒருவர் வெள்ளிக் கம்பிக் காப்பு அனுப்பியிருக்கிறார். கம்பியின் ஒரு முனை வளையத்தைவிட்டு விலகி ஆடிக்கொண்டிருந்தது. தபாலில் விட்டுப்போயிருக்கும். சேதம் என்று குறித்தால் பீட்ரூட்டைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். பாவமாக இருந்தது, எனக்கே ஆச்சரியம். யாருக்கும் சொல்லாமல் பற்றவைத்தேன். இணைப்பு இருக்குமிடம் தெரியாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. அந்த முனையை உருண்டையாக அராவி மெருகேற்றியிருந்தார்கள். இணைக்கப்போகும் முனைக்கு எவனாவது மெருகு போடுவானா? தெரியாத பிள்ளை.

மார்ச் 12

அந்த முனை ஏன் உருண்டையாக இருந்தது?

மார்ச் 13, வியாழன்

முதல் சுற்று. செயலாளர் பொஜேனா பீட்ரூட்டின் குறிப்புத்தாளை உறை பிரித்து வாசித்தாள்: 'மணிக்கட்டில், நாடியின் மேல் போடுங்கள். பேசாமல் ஒரு நிமிடம் பாருங்கள்.' அவளே போட்டுக்கொண்டாள். ஐந்து தலைகள் குனிந்தன.

"என்னங்க, ஒண்ணும் நடக்கலையே. நான் செத்துட்டேனா?"

"நீ நல்லாத்தாம்மா இருக்க. பீட்ரூட்தான் வேகல," என்றான் செனோன்.

சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் அந்த உருண்டை முனை ஞாபகம் வந்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்?

மார்ச் 14

அதே மாதிரி ஒரு காப்பு செய்து பார்த்தேன், முனையை இணைக்காமல். முதல் கம்பி தடிமன், அசையவில்லை. இரண்டாவது மெல்லியது, தொங்கிவிட்டது. மூன்றாவதில், நாடி துடிக்கும் இடத்தின் மேல் முனை படுத்திருந்தபோது, மெல்லத் தலையாட்டியது. நிற்கவேயில்லை. என் இரத்தம் எனக்கு ஆமாம் போட்டுக்கொண்டிருந்தது. தேநீர் ஆறிப்போனது. இந்தத் தடிமனை அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தது? எத்தனை கம்பி வீணாக்கியிருக்கும்?

கதவில் செனோன் எட்டிப் பார்த்தான். "என்னடா லெஷெக், இன்னும் துடைச்சு முடியலையா?"

முனை துள்ளத் தொடங்கியது. கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன். முப்பது வருடமாக இவனிடம் மறைத்ததை அரை மில்லிமீட்டர் கம்பி காட்டிக் கொடுத்துவிடும்போல.

மார்ச் 15, சனி

புதன்கிழமை இறுதிச் சுற்று. அதற்கு முன் ஒதுக்கியதைத் திரும்ப எடுக்க விதி இடம் தருகிறது. காலையில் பீட்ரூட்டின் காப்பை என் இணைப்பில் அறுத்து, முனையை மறுபடி உருட்டி மெருகேற்றினேன். போட்டுப் பார்த்தேன். ஆடுகிறது.

பத்திரிகைக் கடிதம் இழுப்பறையில் கிடக்கிறது. அதில் பாதி இன்னும் உண்மைதான். இன்று எழுதியது வேறு, நடுவர் குழுவுக்கு: 'பீட்ரூட்டின் காப்பு உடைந்து வரவில்லை. இங்கே ஒருவன் அவசரப்பட்டு அதை மூடிவிட்டான். இப்போது திறந்திருக்கிறது. மறுபடி போட்டுப் பாருங்கள்.'

பெயர் போடுவதா? போட்டால் செனோன் அதே வாக்கியத்தைச் சொல்வான். இந்த முறை அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் அவன் உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பான். அறுத்த இடத்தில் மயிரிழை அளவு தடம் இருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. எங்கள் வகுப்பில் இப்படி இணைக்க ஒருவனுக்குத்தான் வரும். அது அவனுக்குத் தெரியும். தெரியட்டும்.

தபால் நிலையம் ஒரு மணிக்கு மூடிவிடும். பெயர் போடாமலே குழுவுக்கான கடிதத்தைப் போட்டுவிட்டு வருகிறேன்.