கடைசி அடியில் உன் பெயர் இருந்த இடம்

நசினு
12.8.2001

அன்புள்ள முகிலனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் ஆக்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் மிட்டாய் டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், உங்கள் கணவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு வழக்கம்போல என்னைக் கைகாட்டிவிட்டுச் சும்மா நின்றாள், கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை ஒரு தடவை வாயால் சொன்னவள் இல்லை, இந்த ஊருக்கு வந்தும் அது மாறவில்லை. பின்பக்கத்தில் தாலோக் கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது, தின்னத்தான் ஆளில்லை. போன வருஷம் மே மாதம் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து நம் இந்திய வம்சத்துப் பிரதமரைப் பிடித்து வைத்தார்களே, அதிலிருந்து நம்மவர்கள் இந்தத் தீவை விட்டுக் கிளம்பிக் கிளம்பி நம் தெருவில் விளக்கு எரியாத வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. எலெக்‌ஷன் வருகிறது, எல்லாம் சரியாகிவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்கிறோம், சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் நிற்பாள். இப்போது கோவிலுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இதைப் படித்து முடிக்கும்வரை ரவீந்திரா அனுப்பிய பேப்பரில் கையெழுத்துப் போடாதே.

உன் பாட்டைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நம் சமையலறையில் உட்கார்ந்து ஒரு ஹிந்திப் பாட்டைப் பாடிப் பதிவு செய்து, கிளம்புகிற அன்று மினிபஸ் கமலேஷ் கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அது இன்றைக்குச் சுவா ரோட்டில் ஓடுகிற எல்லா மினிபஸ்ஸிலும் ஒலிக்கிறது. இங்கே வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குக் காசெட்டை நகல் எடுத்துக் கொடுப்பான், யார் கட்டிய பாட்டு என்று ஒருவனும் கேட்க மாட்டான். அதனால்தான் பஜனைப் பாட்டுகளில் வருவதுபோல கடைசி அடியில் உன் பெயரை வைத்து முடி என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பாட்டு எங்கே போனாலும் பெயரும் கூடப் போகும் என்றேன், நீ சிரித்துக்கொண்டே முகிலன் சொல்கிறான் என்று முடித்தாய். சுவாவில் காசெட் நகல் போட்டு விற்கிற இந்த ரவீந்திரா அந்தப் பெயரை மட்டும் அழித்துவிட்டான். சொந்தக்காரன் என்று யாரும் வந்து நிற்கக் கூடாதாம். மற்றதெல்லாம் உன் குரல்தான், பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு மூச்சு நேரம் வெறும் இரைச்சல்.

அந்த இரைச்சல் வரும்போது மினிபஸ்ஸுக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். முதல் தடவை எனக்கு அதில் முகிலன் என்று தெளிவாகக் கேட்டது, பெற்ற காது அப்படித்தான் கேட்கும் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூலைவீட்டு சரோஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாஸ்டரே, பாட்டுல எங்க ப்ரீதிகா பேரை கூப்புடுது” என்றாள். ப்ரீதிகா வான்கூவர் போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். அவரவருக்கு அவரவர் பிள்ளை, இதில் என்ன இருக்கிறது என்று கணக்கு வாத்தியார் மூளையால் சமாதானம் செய்துகொண்டேன். அம்மாவோ காய்கறி வேண்டாத நாளிலும் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாள், உன் பெயரைக் கேட்பதற்காகவே கமலேஷ் வண்டியில் போய் வருவாள். நானும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. கோவில் பூசாரி ஏழுமலை ஒரு நாள் வந்து, பாட்டில் லோவு கிராமத்து அப்பலசாமியின் பெயர் கேட்டது, அவன் கரும்பு வெட்டிக்கொண்டு இங்கேதானே இருக்கிறான் என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே அப்பலசாமியின் நிலக் குத்தகை முடிந்துவிட்டது, ஒருவரிடமும் சொல்லாமல் குடும்பத்தோடு கனடா போய்விட்டான். அப்புறம் என்னோடு வேலை பார்க்கிற சரளா டீச்சர், உங்கள் பக்கத்து வீட்டு கௌஷல் பெயரை இன்றைக்கு மினிபஸ்ஸில் கேட்டேன் சார் என்றார். அன்று காலையில்தான் கௌஷல் வேலியருகே நின்று என்னோடு பேசினான், போகப்போவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பள்ளியிலிருந்து திரும்பினால் அவன் வீட்டுச் சாவி நம் கேட்டில் சணல் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லையடா, அம்மாதான் அவிழ்த்து உள்ளே வைத்தாள்.

ரவீந்திரா இங்கேயும் வந்திருந்தான். சிட்னிக் கம்பெனி ஒன்று பாட்டைக் கேட்கிறதாம், சொந்தக்காரனின் கையெழுத்து இல்லாமல் தொட மாட்டார்களாம், அதனால் இப்போதுதான் அவனுக்கு நீ இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. பேப்பரை நானும் படித்தேன். பாட்டு முழுவதும் என்றென்றைக்கும் அவனுக்கு, பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உனக்குக் கிடையாது, கடைசி அடி இப்போது இருப்பது போலவே இருக்கும் என்று எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் உனக்கு யார் பெயர் கேட்கிறது என்று அவனைக் கேட்டேன். முகம் சுண்டிப்போய், “நான் அது வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன் மாஸ்டர்ஜி” என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான்.

தொல்லை விட்டது என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று நீ போனில் சொன்னாய். சுவாவில் பாட்டுக்காரர்கள் சங்கத்து அம்மாளிடம் விசாரித்துவிட்டேன். வீட்டை வாடகைக்கு விடுவது வேறு, பத்திரம் எழுதிக் கொடுப்பது வேறு இல்லையா, பாட்டும் அப்படித்தானாம். இத்தனை வருஷத்துக்கு, இன்ன காரியத்துக்கு என்று அனுமதி மட்டும் கொடுக்கலாம், அப்போதும் பாட்டு உன்னுடையதாகவே இருக்கும். உன்னுடையது என்று காட்ட நீ முதலில் பதிவு செய்த காசெட் நம் அலமாரியில் இருக்கிறது, நீ தேதி சொல்வதும் நடுவில் குக்கர் விசில் அடிப்பதும் அம்மா உன்னைத் திட்டுவதும் அதில் அப்படியே இருக்கின்றன. அதை நகல் எடுத்து எல்லா வண்டிக்கும் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போட்டுப் பார்த்தேன். அதிலும் கடைசி அடியில் இரைச்சல்தான் வருகிறது முகிலா. அலமாரிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. அதனால் நீதான் திரும்பப் பாட வேண்டும், உன் வாயால் உன் பெயரைச் சொல்லி முடிக்க வேண்டும். காசெட்டை அனுப்பினால் அதையே போடுவதாக கமலேஷ் சத்தியம் செய்திருக்கிறான். சொந்தக்காரன் பெயர் இருந்த இடத்தைக் காலியாக விட்டதால்தான் அது ஊரார் பெயரையெல்லாம் இழுக்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் அம்மா. செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டிலிருந்து வெறும் பையோடு வந்தாள். பையை வைத்துவிட்டு, நீங்கள் எங்கேயாவது போக மனு எழுதிப் போட்டிருக்கிறீர்களா, என்னிடம் மறைக்காதீர்கள் என்று கேட்டாள். இல்லையே என்றேன். பாட்டில் பெயர் கேட்டதா, நம் பிள்ளை பெயர்தானே என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு யார் பெயர் என்று எத்தனை விதமாகக் கேட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்து நின்றாள். ஊரில் யார் பெயரானாலும் சொல்லியிருப்பாள். அவள் வாயால் சொல்லாத பெயர் ஒன்றே ஒன்றுதான். நான் எங்கேயும் மனுப் போடவில்லை, பாஸ்போர்ட்டைக்கூடப் புதுப்பிக்கவில்லை. எங்கே போகப்போகிறேன் என்று எனக்கே தெரியாததுதான் பயமாக இருக்கிறது.

அம்மா வந்துவிட்டாள். சாவி அவள் கையிலும் இருக்கிறது, ஆனால் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றுகொண்டு, ஏங்க, உள்ளே இருக்கீங்களா என்று கேட்கிறாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கே போய் வந்தாலும் இப்படித்தான் கேட்டுவிட்டு உள்ளே வருகிறாள். இருக்கிறேன் என்று குரல் கொடுத்துவிட்டேன். உனக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் துணையிருப்பாள், எங்கள் இருவர் ஆசியும் என்றும் உன் தலைமேல் இருக்கும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, காசெட்டை இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடு. எப்போதும் அப்பா என்று மட்டும்தான் முடிப்பேன், இன்றைக்குப் பெயரையும் எழுதிவிடுகிறேன், உன்னிடமாவது இருக்கட்டும்.

உன் அன்பு அப்பா,
சுந்தரராஜன்